பதினேழாம் எண் மைக்ரோமீட்டர்

பழைய கருவி எதைக் கையில் எடுத்தாலும் அவர் முதலில் அதைக் கவிழ்ப்பார். மற்றவர்கள் வாய் தேய்ந்திருக்கிறதா, திருகு ஆடுகிறதா என்று பார்ப்பார்கள். அவர் அதன் முதுகில் யாராவது எண் வெட்டியிருக்கிறார்களா என்று தேடுவார். அதைப் பார்த்து முடித்த பிறகுதான் பொருள் வாங்க வந்த ஆளைப்போல் அவர் முகம் மாறும்.

நான் இதை முதலில் பார்த்தது 1994 ஆடி மாதம், திண்டிவனத்தில், மரக்காணம் சாலையில் இருந்த ஒரு காயலான் கடையில். அரசு முத்திரை குத்திய பழைய எடைக்கற்கள் கிடைக்குமா என்று நான் போயிருந்தேன். தேதி பொறித்த எதுவானாலும் எனக்கு ஆசை. அவர் கோணிமேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு மைக்ரோமீட்டரை வெயிலுக்குக் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தார். முடியிழையின் பருமனைக்கூட அளந்து சொல்லும் அந்தச் சிறு கருவியை நான் அதுவரை கையில் தொட்டதில்லை.

கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்குப் பொறுமை போய்விட்டிருந்தது.

“பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்மா நேரம் பாக்க மாட்டான் சார். எடுக்கறதுன்னா எடுங்க, இல்லாட்டி கீழ வைங்க. ஜல்தி.”

“பொண்ணு பாக்க வந்தவன் மூஞ்சியப் பாத்தாப் போதும் பாய். நான் முதுகையும் பாக்கணும்.”

“பாத்துக்கினே இருங்க. நம்பர் சாருன்னு சும்மாவா பேரு வச்சேன்?”

இருவருமே விழுப்புரம் திரும்ப வேண்டியவர்கள் என்பது பேருந்து நிறுத்தத்தில்தான் தெரிந்தது. நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு தபால் நிலையத்தில் எழுத்தர். அவர் புதுச்சேரி சாலையில் இருந்த ஒரு பம்பு தொழிற்சாலையில் இருப்புச் சரிபார்ப்பவர். இயந்திரங்களும் கருவிகளும் பேரேட்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று ஆண்டுக்கொருமுறை எண்ணிக் கையெழுத்திடுவது அவர் வேலை. மணி என்ன என்று கேட்டேன். “நாலு இருபத்திரெண்டு” என்றார். நாலரை ஆகப் போகிறது என்று சொல்லும் ஆள் இல்லை அவர். அவரோடு பழகிய பதினேழு ஆண்டுகளில் எதையும் அவர் முழு எண்ணாக்கிச் சொல்லி நான் கேட்டதில்லை.

விழுப்புரத்தில் ரயில் பாதை ஓரம் அவர் வீடு. பக்கவாட்டில் தகரக் கொட்டகை போட்டு அதில் ஒரு சிறு பட்டறை வைத்திருந்தார். புதுச்சேரியில் மூடிய ஒரு பட்டறையிலிருந்து வாங்கிய நாலரை அடி லேத்து, காலால் தள்ளினால் ஆடும் ஒரு துளை இயந்திரம், நான்கு ஊர்க் காயலான் கடைகளிலிருந்து ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த அளவுக் கருவிகள். எல்லாமே யாரோ பயன்படுத்தி விட்டுவிட்டவை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தாரின் தையல் இயந்திரத்துக்கு ஊசித் தண்டு கடைந்து கொடுப்பார், மோட்டாருக்குப் புஷ் போடுவார். மீதி நேரமெல்லாம் கருவிகளைச் சரிபார்ப்பதுதான்.

வாங்கி வந்த கருவியை அன்றே தொடமாட்டார். துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிடுவார். “கைச்சூடு பட்டா இரும்பு பொய் சொல்லும் சார். ஒரு ராத்திரி தூங்கட்டும்.” மறுநாள் அதன் இரு முகங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைத் தாளை வைத்து மெல்ல இறுக்கி இழுப்பார். அழுக்கு தாளோடு வரும். பிறகு புது பேரிங்கிலிருந்து எடுத்த உருளை ஒன்றை அளப்பார். அந்த உருளையின் அளவு அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கருவி எவ்வளவு கூட்டியோ குறைத்தோ சொல்கிறது என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, பெட்டிக்குள் வைப்பார். அந்தச் சீட்டுகளில் இருந்த தேதிகள்தான் என்னை அந்தக் கொட்டகைக்கு மறுபடி மறுபடி இழுத்தன.

“பொய் சொல்லாத கருவி கிடையாது. எவ்வளவு பொய்யின்னு தெரிஞ்சிட்டா அத்த வச்சுக்கினே சரியா வேலை பாக்கலாம்” என்பார்.

அவர் மனைவி நடுநிலைப் பள்ளி ஆசிரியை. காப்பியோடு கொட்டகை வாசலில் நின்று என்னிடம் முறையிடுவார். “ஊருல கழட்டிப் போட்டதெல்லாம் எங்க வூட்டுலதான் வந்து படுக்குது. பீரோவுல எம் பொடவைக்கு இடமில்ல. அங்க ஒரு டயலு கேஜு துணி போத்திக்கினு தூங்குது.”

“அது துரு புடிக்கும்மா, வெளிய வச்சா.”

“எனக்குப் புடிச்சாப் பரவாயில்ல.” பிறகு என் பக்கம் திரும்பி, “இவரு தப்பு பண்ண மாட்டாருங்க. அதான் பேஜாரு” என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரிய வந்தது 1996 தையில். பிரம்மதேசம் கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்கப் போனபோது கூடவே வந்தார். நான் சுவரோடு நின்று எழுத்துகளை நோட்டில் எழுதினேன். அவர் தாள் போன்ற மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை எடுத்து, இரண்டு கற்களுக்கு நடுவே நுழைகிறதா என்று ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மதியம் மண்டப நிழலில் புளிச்சோறு தின்றபோது, எதற்காக எல்லாக் கருவியையும் கவிழ்த்துப் பார்க்கிறார் என்று கேட்டுவிட்டேன்.

அவர் சொன்னார். தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான ஆண்டு அது, 1993. தொழிற்சாலையின் கருவி அறையில் ஆண்டுச் சரிபார்ப்பு. அந்த அறையின் பொறுப்பாளர் ஏழுமலை, கண்டமங்கலம் பக்கத்து ஆள். அவர் ஒவ்வொரு கருவியாக எடுத்துக் கொடுக்க, இவர் அதில் வெட்டியிருந்த எண்ணைப் படித்துப் பேரேட்டில் டிக் அடித்தார். மாலையில் கணக்கு முடித்தபோது ஒன்று குறைந்தது. டி.ஆர். 17, அதாவது டூல் ரூம் பதினேழு என்று எண் வெட்டிய மைக்ரோமீட்டர்.

விசாரணை வைத்தார்கள். “சார் கையிலதான் குடுத்தேன்” என்றார் ஏழுமலை. முதலிலிருந்து கடைசிவரை வேறெதுவும் சொல்லவில்லை. “என் கைக்கு வந்திருந்தா டிக் இருக்கும். டிக் இல்ல” என்றார் இவர். மேலாளர் இவரிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: “உங்களுக்குச் சந்தேகமில்லையே?” “இல்லை” என்றார். இவர் ‘இல்லை’ என்றால் இல்லைதான் என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரிந்த விஷயம். திருட்டு என்று எழுதி ஏழுமலையை வேலையிலிருந்து நீக்கினார்கள். புதுச்சேரியில் எந்தப் பட்டறையும் பிறகு அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

“வித்திருந்தா எங்கயாவது ஒரு காயலான் கடைக்கு வந்துதானே ஆவணும்” என்றார் என்னிடம். “அவர் சொன்னது நிஜமா, நான் சொன்னது நிஜமா? ரெண்டுல ஒண்ணு பொய். எதுன்னு எனக்குத் தெரியணும்.”

“உங்களுக்கே சந்தேகமா?”

“அன்னிக்கு இல்ல. வூட்டுக்கு வந்து படுத்தப்புறம்தான்.”

அன்றிலிருந்து அந்தப் பட்டறையை நான் வேறு கண்ணோடு பார்த்தேன். அலமாரியில் வரிசையாக இருந்த பதினோரு மைக்ரோமீட்டர்களும், டி.ஆர். 17 அல்ல என்று தெரிந்த பதினோரு கருவிகள்.

1998 ஐப்பசியில், அவர் சொல்லி வைத்திருந்தபடி, பாய் என் அலுவலகத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார். “நம்பர் சாருகிட்டச் சொல்லுங்க. பதினேழு வந்திருக்குது.” மழை நாள். இருவரும் திண்டிவனம் பேருந்தில் ஏறினோம். கடையில் பாய் எண்ணெய்த் துணியிலிருந்து எடுத்து நீட்டினார். பதினேழுதான். ஆனால் முன்னால் இருந்த எழுத்துகள் வேறு. வேறு ஏதோ தொழிற்சாலையின் பதினேழு.

அவர் கோணிமேல் உட்கார்ந்துவிட்டார். பாய் சொல்லி டீ வந்தது.

“கிடைக்கலையேன்னு வருத்தமா?” என்றேன்.

“அது நம்ம நம்பரா இருந்தா, அந்தாள் திருடன்னு முடிஞ்சிருக்கும் சார். எனக்கு நிம்மதி. அந்த நிம்மதி வேணும்னு மழையில நனைஞ்சுக்கினு வந்தேன் பாருங்க. அதான் அசிங்கமா இருக்குது.”

பாய்க்கு எதுவும் புரியவில்லை. “இன்னா சார், வேற நம்பர் போட்டுத் தரவா?” என்றார்.

அதற்குப் பிறகும் அவர் கடைகளுக்குப் போவதை நிறுத்தவில்லை, கவிழ்த்துப் பார்ப்பதையும் நிறுத்தவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தொழிற்சாலை நலிந்தது. 2011 மாசியில் அதை மூடி, இருந்ததையெல்லாம் விற்பதாகச் செய்தி வந்தது. அவருக்கு அங்கே ஒரு பொருள்மீது மட்டும் ஆசை இருந்தது: கருவி அறையின் சர்ஃபேஸ் பிளேட். மேல்பக்கம் கண்ணாடிபோலச் சமமாக இழைத்த வார்ப்பிரும்புத் தட்டு. அதன்மேல் வைத்துத்தான் எதுவும் நேராக இருக்கிறதா என்று சோதிப்பார்கள். அடிப்பக்கம் இட்லித் தட்டுபோலக் குழி குழியாக இருக்கும். நாலு ஆள் இல்லாமல் அசையாது. தன் பட்டறையில் அது ஒன்றுதான் குறை என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விலை பேசி முடித்துவிட்டு, எடுக்கப் போகும்போது என்னையும் அழைத்தார்.

கருவி அறையில் அலமாரிகள் போய்விட்டிருந்தன. தடித்த மரமேசைமேல் அந்தத் தட்டு மட்டும் இருந்தது. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் அதன் எண். “நான்தான் எழுதினேன்” என்றார். “நம்பர் அடியில வார்த்திருக்குது. மத்தவங்க பேரேட்டப் பாத்து எழுதிட்டுப் போயிருவாங்க. நான் தொண்ணூத்திமூணு சரிபார்ப்புல தூக்கச் சொல்லி, கண்ணால பாத்துட்டு, இனிமே யாரும் தூக்க வேணாம்னு பக்கத்துல எழுதி வச்சேன்.”

சுமை தூக்குபவர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். கடப்பாரை கொடுத்து ஒரு பக்கம் நெம்பி, கட்டை செருகினார்கள். உள்ளே குனிந்து பார்த்த ஆள், “சார், அடியில ஏதோ துணி கெடக்குது” என்று கையை விட்டு எடுத்தார். துருவில் ஊறி இற்றுப்போன துணி. பச்சைக் கரை. அது பிரிந்தபோது உள்ளே ஒரு மைக்ரோமீட்டர்.

“இது பிளேட்டோட சேத்தியா சார், தனியா?”

அவர் கையில் வாங்கினார். கவிழ்க்கவில்லை. அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தன் பழைய வேட்டியைக் கிழித்துத் தானே வைத்திருந்த துணி அவருக்குத் தெரியாதா? நான்தான் கருவியை வாங்கித் திருப்பினேன். துருவுக்கடியில் டி.ஆர். 17 என்று இருந்தது.

யாரிடமும் இல்லாமல் சொன்னார்: “டார்ச்சு புடிக்க ஒரு கை வேணும். நம்பரத் துடைக்க ஒரு கை வேணும்.”

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஏழுமலை மைக்ரோமீட்டரை இவர் கையில் கொடுத்திருக்கிறார். டிக் அடிப்பதற்குள், தட்டைத் தூக்கிப் பிடித்தவர்கள், எண்ணைப் பார்க்கும்படி இவரை அவசரப்படுத்தியிருக்கிறார்கள். இரண்டு கையும் வேண்டியிருந்ததால், கருவியைத் துணியில் சுற்றி, தூக்கிய தட்டின் அடியில், மேசைமேல் ஒரு நிமிடம் வைத்திருக்கிறார். எண்ணைப் படித்தார், இறக்கச் சொன்னார். குழிக்குள் அது பத்திரமாக உட்கார்ந்துகொண்டது. பேரேட்டைப் பார்த்து எழுதும் ஆளாக அவர் இருந்திருந்தால் அது தொலைந்திருக்காது. மற்றவர்களின் சிரமத்தைக் குறைக்கவென்று அவர் எழுதிய வெள்ளை எண், பதினெட்டு ஆண்டுகள் யாரையும் அதைத் தூக்கவிடவில்லை.

“இறக்கிடுங்க” என்றார் ஆட்களிடம். “இன்னிக்கு வேணாம்.” தட்டை அவர் பிறகும் எடுத்துப் போகவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் கண்டமங்கலத்தில் இறங்கி, உள்ளே ஒரு சிற்றூருக்கு நடந்தோம். ஏழுமலை வாசலில் மல்லாட்டைக் கடலையைக் காயவைத்துக் காலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. இவரை அடையாளம் தெரிந்துகொண்டார். வாங்க என்று சொல்லவில்லை.

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று சொன்னார். வழியில் பேருந்திலேயே அந்த வாக்கியங்களைச் செய்து வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். “பதினேழாம் நம்பர் மைக்ரோமீட்டர நீங்க என் கையில குடுத்தீங்க. நான் வாங்கினேன். வாங்கலன்னு சொன்னது தப்பு. தொலைச்சவன் நான்.” துணிப்பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

ஏழுமலையின் கால் நின்றது. கருவியைத் தொடவில்லை. “அது கம்பெனிச் சொத்து சார். நான் வாங்கினா, மறுபடி எடுத்துட்டேன்னு ஆவும்.”

இவர் அதைத் துணிப்பைக்குள் திரும்ப வைத்தார்.

“எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?” என்றார் ஏழுமலை. “எனக்குத் தெரிஞ்சதுதானே அது? வாங்க.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். முதல் வீட்டில் ஒரு கிழவர் கட்டிலில் படுத்திருந்தார். “பெரிப்பா, இவரு சொல்றதக் கேளு” என்றார். இவர் சொன்னார். அடுத்த வீடு. அதற்கடுத்தது. ஒரு வீட்டில் ஆள் இறந்துபோயிருந்தார். ஏழுமலை உள்ளே போய்ச் சுவரில் மாலை போட்ட படத்தைக் காட்டி, “என்னத் திருடன்னு மொதல்ல சொன்னவன் இவன்தான். சொல்லுங்க” என்றார். இவர் படத்தின் முன் நின்று, ‘நீங்க’ என்ற இடத்தில் ‘ஏழுமலை’ என்பதைத் தவிர, நாலு வாக்கியத்தையும் ஒரு சொல் மாறாமல் சொன்னார். அந்த வீட்டு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

டீக்கடையில் ஏழெட்டுப் பேர். கடைக்காரர் கேட்டுவிட்டு, “அட, அதெல்லாம் எவனுக்குப்பா இப்ப ஞாபகம் இருக்குது?” என்றார்.

“எனக்கு இருக்குதே” என்றார் ஏழுமலை.

ஒன்பது இடங்கள். நான் எண்ணினேன். ஒன்பது இடத்திலும் இவர் செருப்பில்லாமல் நின்றார். சித்திரை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது ஏழுமலை முதல் முறையாகத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். சொம்பைத் திரும்ப வாங்கும்போது கேட்டார்:

“உங்க வூட்டுல சொல்லிட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“திருவக்கரைக்கு ஒரு பௌர்ணமிக்குப் போனப்ப எம் பொண்டாட்டி உங்க வூட்டம்மாவப் பாத்தா. கும்புட்டிருக்கா. அவங்க மூஞ்சத் திருப்பிக்கினு போயிட்டாங்க. வந்து ரெண்டு நாளு சோறு திங்கல இவ.” சற்று நின்று, “அங்கயும் சொல்லிடுங்க. அது பத்தாவது” என்றார்.

விழுப்புரம் வந்து சேர்ந்தபோது நாலு ஐம்பது. அவர் மனைவி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நான் வாசலோடு விடைபெறப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். மனைவிக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கருவியையும் அந்தத் துணியையும் முன்னால் வைத்து, காலையில் போன இடத்தையும் அதே நாலு வாக்கியத்தையும் சொன்னார்.

அந்த அம்மா பச்சைக் கரையை விரலால் தொட்டுப் பார்த்தார். உருவிய கீரையைக் கூட்டி ஒரு பக்கம் தள்ளினார்.

“அந்தாளுக்கு எத்தினி புள்ளைங்க?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தெரியாது.”

“பொண்ணா, பையனா? என்னா பண்ணுதுங்க? படிச்சுதுங்களா?”

“தெரியல.”

“காலையிலேருந்து அங்க இருந்துட்டு வந்திருக்கீங்க. பதினெட்டு வருஷமா அவங்க என்னா சாப்புட்டாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலியா?”

“சொல்றதுக்குத்தான் போனேன்” என்றார். சொன்ன பிறகு அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். நான் மெல்ல வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பேருந்து நிலையம் பக்கம் போனபோது, கண்டமங்கலம் வழியாகப் போகும் புதுச்சேரி பேருந்தில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் அவர் மனைவி. பையில் என்ன இருந்ததோ, அந்த அம்மா அதை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்திருந்தார். நான் கை காட்டவில்லை. வண்டி கிளம்பும் வரை நின்றுவிட்டு அலுவலகம் போனேன்.